ஒரு கால் தாங்குது, ஒரு கால் தள்ளுது: குழந்தையின் கிக் ஸ்கூட்டர் உடம்புக்கு என்ன செய்கிறது?

சென்னையில் என் அக்கா குடியிருக்கும் அப்பார்ட்மென்ட்டில், லிஃப்ட் பக்கத்தில் போன மாதம் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். 'பார்க்கிங் பகுதியிலும் காரிடாரிலும் குழந்தைகள் ஸ்கூட்டர் ஓட்ட அனுமதி இல்லை.' கீழே அசோசியேஷன் சீல்.

நாலரை வயது அக்கா பையனுக்கு இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. "சித்தி, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டான். அவன் கையில் மூன்று சக்கர ஸ்கூட்டர். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

அசோசியேஷன் சொன்ன காரணங்களையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. சத்தம் வருது, கார்ல கீறல் விழுது, ரிவர்ஸ் எடுக்கும்போது குழந்தை குறுக்க வந்தா யார் பொறுப்பு? எல்லாமே நியாயமான கேள்விகள்தான். அக்காவும், "விடு, அது ஒரு பொம்மைதானே" என்று ஸ்கூட்டரைத் தூக்கி பால்கனியில் வைத்துவிட்டாள்.

உண்மையிலேயே அது வெறும் பொம்மைதானா? குழந்தை வளர்ச்சி பற்றிய தகவல்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தபோது, பால்கனியில் சும்மா நிற்பது சின்ன விஷயம் இல்லை என்று புரிந்தது.

எந்த ஸ்கூட்டரைப் பற்றிப் பேசுகிறோம்?

நம்ம ஊரில் ஸ்கூட்டர் என்றாலே பெட்ரோல் போடும் வண்டிதான் நினைவுக்கு வரும். அப்பா ஓட்ட, குழந்தை முன்னால் நின்றுகொண்டு கண்ணாடிக் கம்பியைப் பிடித்தபடி போகும் காட்சி நம் எல்லோருக்கும் பழக்கம். அதில் குழந்தை வெறும் பயணி. வேகம், திருப்பம், பிரேக் எல்லாம் அப்பா கையில்.

நாம் பேசுவது கிக் ஸ்கூட்டர். தரையை ஒட்டி ஒரு பலகை, அதன் அடியில் இரண்டோ மூன்றோ சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு ஹேண்டில்பார். எஞ்சினும் இல்லை, பெடலும் இல்லை. ஓட வேண்டுமென்றால் குழந்தைதான் தள்ள வேண்டும். உடம்புக்குக் கிடைக்கும் பலன் மொத்தமும் இந்த ஒரு விஷயத்தில்தான் அடங்கியிருக்கிறது.

ஐரோப்பாவில் குழந்தைகள் மரத்தில் செய்த ஸ்கூட்டரை நூறு வருடங்களுக்கு முன்பே ஓட்டியிருக்கிறார்கள். இன்று கடைகளில் பார்க்கும் மடக்கும் அலுமினிய ஸ்கூட்டரைப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் சுவிட்சர்லாந்தின் விம் ஊபோட்டர். சூரிக்கில் அவருக்குப் பிடித்த சாசேஜ் கடை, நடந்து போகக் கொஞ்சம் தூரம், கார் எடுக்க ரொம்பக் கிட்டம். அந்தச் சின்ன தூரத்துக்காக யோசித்ததுதான் இது. 2000-ம் ஆண்டு வாக்கில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

ஒரே ஒரு தள்ளலில் உடம்பில் என்ன நடக்கிறது?

ஒரு குழந்தை ஸ்கூட்டர் ஓட்டுவதை மொபைலில் வீடியோ எடுத்து, ஸ்லோ மோஷனில் போட்டுப் பாருங்கள். ஒரு நொடிக்குள் எவ்வளவு வேலை நடக்கிறது என்று ஆச்சரியமாக இருக்கும்.

பலகையில் நிற்கும் காலைத் தாங்கும் கால் என்று வைத்துக்கொள்வோம். அது முட்டியை லேசாக மடக்கி, மொத்த எடையையும் தாங்கி நிற்கிறது. தொடையின் முன்தசை விடாமல் வேலை செய்கிறது. இடுப்பின் பக்கவாட்டுத் தசை, இடுப்பு ஒரு பக்கமாகச் சரிந்துவிடாமல் இழுத்துப் பிடிக்கிறது. கணுக்கால் நொடிக்கு நொடி சின்னச் சின்னத் திருத்தம் செய்துகொண்டே இருக்கிறது.

இன்னொன்று தள்ளும் கால். அது முன்னால் வந்து தரையைத் தொட்டு, பின்னால் உந்துகிறது. பிட்டத் தசை, தொடையின் பின்தசை, கெண்டைக்கால் என்று வரிசையாக விசை இறங்குகிறது.

இந்த இரண்டுக்கும் நடுவில் வயிறும் முதுகும் உடம்பை நிமிர்த்திப் பிடிக்கின்றன. கால் ஒவ்வொரு முறை தள்ளும்போதும் உடம்பு ஒரு பக்கமாகத் திரும்பப் பார்க்கும். அப்படித் திரும்பாமல் தடுப்பது இந்த நடுப்பகுதித் தசைகள்தான். கைகள் ஹேண்டிலைத் திருப்ப, கண் முன்னால் இருக்கும் தூணைப் பார்க்கிறது.

அதாவது, வலது கால் ஒரு வேலை, இடது கால் வேறொரு வேலை, கைகள் மூன்றாவது வேலை. எல்லாம் ஒரே நேரத்தில். உடம்பின் இரண்டு பக்கத்தையும் இப்படிச் சேர்த்து இயக்கும் திறமை பிறவியிலேயே முழுசாக வந்துவிடுவதில்லை. பழகப் பழகத்தான் வரும். சட்டை பட்டன் போடுவது, கத்தரியால் காகிதம் வெட்டுவது எல்லாம் இதே குடும்பத்தைச் சேர்ந்த திறமைகள்தான்.

ஒற்றைக்காலில் நிற்பது அவ்வளவு பெரிய விஷயமா?

ஆமாம். 3 வயதுக் குழந்தை ஒற்றைக்காலில் ஓரிரு நொடிதான் நிற்கும். 4 வயதில் ஐந்து நொடி வரை. 5 வயதில் பத்து நொடியை நெருங்கும். குழந்தைக்குக் குழந்தை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். படி ஏறுவது, பேன்ட்டுக்குள் காலை விடுவது, பந்தை உதைப்பது, ஓடுவது என எல்லாவற்றிலும் ஒரு கணம் நாம் ஒற்றைக்காலில்தான் இருக்கிறோம்.

பேலன்ஸ் என்பது கால் பலம் மட்டும் இல்லை. மூளைக்கு மூன்று இடத்திலிருந்து தகவல் வருகிறது. ஒன்று, கண். இரண்டு, உட்காதில் இருக்கும் மூன்று அரைவட்டக் குழல்களும் அவற்றின் பக்கத்தில் உள்ள உணர் உறுப்புகளும். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, உடம்பு வேகமெடுக்கிறதா, நிற்கிறதா என்பதை இவைதான் சொல்லும். மூன்றாவது, தசைகளிலும் மூட்டுகளிலும் இருந்து வரும் தகவல். கண்ணை மூடினாலும் நம் கை எங்கே இருக்கிறது என்று தெரிகிறதே, அது.

சந்தேகம் இருந்தால் நீங்களே செய்து பாருங்கள். ஒற்றைக்காலில் நின்று கண்ணை மூடுங்கள். பக்கத்தில் சுவர் இருக்கட்டும். எவ்வளவு சீக்கிரம் ஆட்டம் காண்கிறோம் என்று தெரியும். ஒரு தகவல் நின்றதுமே மற்ற இரண்டும் திணறுகின்றன.

சின்னக் குழந்தைகள் பெரும்பாலும் கண்ணை நம்பித்தான் நிற்கிறார்கள். மூன்று தகவலையும் சேர்த்துப் பயன்படுத்த மூளை பழகும் முக்கியமான காலம் 4 முதல் 6 வயது வரை. 7 வயது வாக்கில்தான் பெரியவர்களைப் போன்ற பேலன்ஸ் வர ஆரம்பிக்கிறது. ஸ்கூட்டரில் போகும்போது வேகம் கூடுகிறது, குறைகிறது, உடம்பு சாய்கிறது, தரை அதிர்கிறது. மூளைக்கு மூன்று வழியிலும் தகவல் கொட்டிக்கொண்டே இருக்கிறது. நல்ல டியூஷன்!

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. நம்ம தெருவில் சாக்பீஸால் கட்டம் போட்டு ஆடிய பாண்டி என்ன? ஒற்றைக்காலில் குதித்து, குனிந்து சில்லை எடுத்து, கோட்டை மிதிக்காமல் திரும்பி வருவது. நொண்டி ஆட்டம் என்ன? ஒற்றைக்காலில் துரத்திப் பிடிப்பது. அதே பாடம்தான், சிலபஸ் மட்டும் வேறு. பாண்டி ஆட இடம் இருந்த தெருவில் இப்போது கார் நிற்கிறது. அதனால்தான் அந்த வேலையில் கொஞ்சத்தை ஸ்கூட்டர் செய்ய வேண்டியிருக்கிறது.

எலும்பு, இதயம், மூச்சு

எலும்பு, தன் மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னைப் பலப்படுத்திக்கொள்ளும். தாங்கும் கால் மொத்த எடையையும் ஏற்பதும், தள்ளும் கால் தரையில் உந்துவதும் அந்தச் சுமையில் சேர்த்திதான். குதிப்பது, ஓடுவது அளவுக்கு இல்லை என்றாலும் சோபாவில் உட்கார்ந்திருப்பதைவிட எவ்வளவோ மேல்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 3, 4 வயதுக் குழந்தைகள் ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடல் அசைவோடு இருக்க வேண்டும். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும். உட்கார்ந்தபடி ஸ்கிரீன் பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 5 வயதுக்கு மேல் போனால், தினமும் சராசரியாக 60 நிமிடம் மிதமான அல்லது தீவிரமான உடல் இயக்கம் தேவை. வாரத்தில் மூன்று நாளாவது அது எலும்புக்கும் தசைக்கும் பலம் தருவதாக இருக்க வேண்டும்.

ஸ்கூல் வேன், கிளாஸ் ரூம், ஹோம்வொர்க், டிவி என்று ஓடும் நாளில் இந்த 60 நிமிடம் எங்கிருந்து வரும்? "போய் ஓடு" என்றால் குழந்தை ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடும். ஸ்கூட்டரைக் கொடுத்தால் நாம் கூப்பிடும் வரை வராது. அக்கா பையன் சட்டை நனைய வருவான். அவனைப் பொறுத்தவரை அது விளையாட்டு, உடற்பயிற்சி இல்லை. ஸ்கூட்டரின் பெரிய பலமே அதுதான்.

சைக்கிள் கற்றுக்கொள்ள உதவுமா?

உதவும். சைக்கிளில் கஷ்டமான விஷயம் பெடல் இல்லை, பேலன்ஸ். பக்கவாட்டுச் சக்கரம் மாட்டிய சைக்கிளில் குழந்தை பெடல் போடப் பழகும், ஆனால் சாய்ந்து திரும்பப் பழகாது. அதனால்தான் அந்தச் சக்கரத்தைக் கழற்றும் நாளில் எல்லாமே முதலிலிருந்து தொடங்கும்.

ஸ்கூட்டரில், குறிப்பாக இரண்டு சக்கர ஸ்கூட்டரில், முதலில் பழகுவதே பேலன்ஸ்தான். இரண்டு தள்ளு தள்ளிவிட்டு, இரண்டு காலையும் பலகையில் வைத்து வழுக்கிக்கொண்டு போகும் அந்தச் சில நொடிகளில் குழந்தை கற்றுக்கொள்வது நாளை சைக்கிளில் கை கொடுக்கும். தடுமாறினால் காலைக் கீழே வைத்தால் போதும், தரை அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. பயம் குறைவதற்கு அதுவும் காரணம்.

இங்கே ஒரு சிக்கல்: ஒரே கால்

பெரும்பாலான குழந்தைகள் ஒரே காலால்தான் தள்ளுவார்கள். எந்தக் கால் வசதியோ அதுவே பழக்கமாகிவிடும். அப்போது தாங்கும் காலுக்கு ஒரு வகைப் பயிற்சி, தள்ளும் காலுக்கு வேறு வகைப் பயிற்சி என்று ஆகிவிடுகிறது. தினமும் ரொம்ப நேரம் ஓட்டும் குழந்தைக்கு ஒரு காலில் மட்டும் வலியும் அசதியும் வரலாம்.

தீர்வு சிம்பிள். கால் மாற்றி ஓட்டச் சொல்லுங்கள். "அந்தத் தூண் வரைக்கும் வலது கால், திரும்பி வரும்போது இடது கால்" என்று விளையாட்டாக்கிவிடுங்கள். முதல் சில நாள் குழந்தை எரிச்சலாகும். நான் அக்கா பையனின் அப்பா ஸ்கூட்டரை, அதாவது பெரியவர்களுக்கான கிக் ஸ்கூட்டரை, மாற்றுக் காலால் தள்ளிப் பார்த்தேன். நான்காவது தள்ளலில் தூணில் முட்டிக்கொண்டேன். வாட்ச்மேன் அண்ணன் சிரித்தார். குழந்தையின் எரிச்சல் அப்போது புரிந்தது.

பேட்டரி ஸ்கூட்டர் வாங்கலாமா?

பொம்மைக் கடையில் இப்போது லைட், பாட்டு, மோட்டார் எல்லாம் வைத்த பேட்டரி ஸ்கூட்டர்தான் முன்வரிசையில் நிற்கிறது. விலையும் அதிகம். மேலே சொன்ன பட்டியலை ஒருமுறை திரும்பப் பாருங்கள். தள்ளும் காலின் வேலை போச்சு. மூச்சு வாங்குவதும் போச்சு. வேகத்தைத் தீர்மானிப்பது குழந்தையின் உடம்பு இல்லை, ஒரு பட்டன். கிக் ஸ்கூட்டரில் குழந்தையால் தள்ள முடிந்த வேகம்தான் பெரும்பாலும் அதனால் சமாளிக்க முடிந்த வேகமும். மோட்டார் அந்தக் கணக்கை உடைத்துவிடுகிறது. உடல் வளர்ச்சிக்காக வாங்குகிறீர்கள் என்றால் காசைக் கொடுத்துப் பலனைக் கழற்ற வேண்டாம்.

எந்த வயதில் எது?

* 2, 3 வயது: மூன்று சக்கரம், அதிலும் முன்னால் இரண்டு சக்கரம் உள்ளது. உடம்பைச் சாய்த்தால் திரும்பும் வகை நல்லது. முதலில் குழந்தை ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே நடக்கும். அதுவும் பயிற்சிதான், அவசரப்படுத்த வேண்டாம்.
* 5 வயதுக்கு மேல்: மூன்று சக்கரத்தில் நன்றாக வழுக்கிப் போகவும் நிறுத்தவும் தெரிந்துவிட்டால் இரண்டு சக்கரம்.
* பலகை எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. உயரமான பலகை என்றால் ஒவ்வொரு தள்ளலுக்கும் தாங்கும் முட்டி அதிகமாக மடங்க வேண்டும், சீக்கிரம் அசந்துவிடும்.
* ஹேண்டில் இடுப்புக்கும் மார்புக்கும் நடுவில் வர வேண்டும். 'வளர்ந்தா சரியா இருக்கும்' என்று பெரிய சைஸ் வாங்குவது சட்டைக்குச் சரி, ஸ்கூட்டருக்கு வேண்டாம்.
* கடினமான பிளாஸ்டிக் சக்கரத்தைவிட மெத்தென்ற பாலியூரித்தேன் சக்கரம் அதிர்வையும் சத்தத்தையும் குறைக்கும். கீழ் வீட்டுக்காரர்களும் வாழ்த்துவார்கள்.

விழுந்தால்?

விழுவார்கள். விழும்போது கையை ஊன்றுவது இயல்பு என்பதால் மணிக்கட்டிலும் முன்கையிலும் எலும்பு முறிவு வரலாம். தலையில் அடிபடுவதுதான் பெரிய பயம். எனவே ஹெல்மெட் கட்டாயம், பார்க்கிங்குக்குள் ஓட்டினாலும். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலம் விட்டு உட்கார வேண்டும். தாடைப் பட்டைக்கு அடியில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கம் போதும். முட்டிக்கும் முழங்கைக்கும் பேட் போடலாம். மணிக்கட்டுக் காப்பை மட்டும் ஸ்கூட்டருக்குப் பரிந்துரைப்பதில்லை, ஹேண்டிலைப் பிடித்துத் திருப்பவே கஷ்டமாகிவிடும் என்பதால்.

8 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் பெரியவர் அருகில் இல்லாமல் ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது என்கிறது அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம். இதில் 'அருகில்' என்பதுதான் முக்கியம். பெஞ்சில் உட்கார்ந்து ரீல்ஸ் பார்ப்பது அருகில் இருப்பது ஆகாது. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். தரை ஈரமாக இருந்தால் வேண்டாம். ரோடு வேண்டவே வேண்டாம். வேகமாக ஓட்டக் கற்றுத் தருவதற்கு முன் பின்பக்க பிரேக்கை மிதித்து நிறுத்தக் கற்றுத் தாருங்கள்.

ஸ்கூட்டர் தராதது என்ன?

எல்லாவற்றையும் ஸ்கூட்டர் தந்துவிடாது. தொங்குவது, ஏறுவது, பந்தை எறிந்து பிடிப்பது, குதிப்பது இதில் இல்லை. தோளுக்கும் கைக்கும் வேறு விளையாட்டு வேண்டும்.

பேஸ்மென்ட் பார்க்கிங்கில் ஓட்டினால் காலுக்குப் பலன் கிடைக்கும், கண்ணுக்குக் கிடைக்காது. வெளி வெளிச்சத்தில் நேரம் செலவிடும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது. தைவானில் 2010-ல் பள்ளிக் குழந்தைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியே அனுப்பும் திட்டத்தைத் தொடங்கினார்கள். அதுவரை ஏறிக்கொண்டே போன பார்வைக் குறைபாடு விகிதம் பிறகு இறங்கத் தொடங்கியது. எனவே முடிந்தவரை வெயில் தாழ்ந்த மாலையில், திறந்த இடத்தில்.

இன்னொன்று. உங்கள் குழந்தை ஸ்கூட்டர் ஓட்டவில்லை என்றால் வளர்ச்சி குறைவு என்று அர்த்தம் இல்லை. சிலருக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். ஆனால் 4 வயது தாண்டியும் ஒற்றைக்காலில் ஒரு நொடிகூட நிற்க முடியவில்லை, சமதளத்திலேயே அடிக்கடி விழுகிறது, உடம்பின் ஒரு பக்கத்தை மட்டுமே பயன்படுத்துகிறது, முன்பு செய்ததை இப்போது செய்ய முடியவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி எனப்படும் ஆரம்பநிலைச் சிகிச்சை மையங்களும் இதற்காகவே இருக்கின்றன.

சரி, எங்கே ஓட்டுவது?

கடைசியில் எல்லாம் வந்து நிற்பது இந்தக் கேள்வியில்தான். விளையாடுவது குழந்தையின் உரிமை என்று ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-வது பிரிவு சொல்கிறது. 1992-ல் இந்தியாவும் அதை ஏற்றது. ஆனால் அந்த உரிமைக்கு ஒரு இருபது அடி வழவழப்பான தரை வேண்டுமே! நடைபாதையில் பைக் நிற்கிறது, தெருவில் கார் போகிறது, மிச்சம் இருப்பது அப்பார்ட்மென்ட் பார்க்கிங் மட்டும்தான்.

அக்கா சண்டை போடவில்லை. அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டாள். "தடை வேண்டாம், நேரம் குடுங்க. சாயங்காலம் அஞ்சுலேர்ந்து ஆறு வரைக்கும் பின்பக்க வழியில மட்டும். பேரன்ட் ஒருத்தர் கூடவே இருப்போம். ஹெல்மெட் இல்லாம யாரும் ஓட்ட மாட்டாங்க. சத்தம் போடுற சக்கரத்தை மாத்திடறோம்." அரை மணி நேரம் பதிலே இல்லை. அப்புறம் மூன்று அம்மாக்கள் 'நாங்களும்' என்றார்கள். கடைசியில் இரண்டாவது மாடித் தாத்தா ஒருவர், அந்த நேரத்தில் தன் காரைப் பின்பக்கத்திலிருந்து முன்னால் எடுத்து நிறுத்திக்கொள்வதாகச் சொன்னார்.

'ஒரு மாதம் பார்க்கலாம்' என்று அசோசியேஷன் சொல்லியிருக்கிறது. அதற்குமேல் எந்த உறுதியும் தரவில்லை. பழைய நோட்டீஸை இன்னும் கிழிக்கவில்லை, அதன் மேலேயே 'மாலை 5 - 6 தவிர' என்று பேனாவால் எழுதியிருக்கிறார்கள்.

நேற்று போயிருந்தேன். அக்கா பையன் தூண் வரை வலது காலால் போனான். திரும்பும்போது நின்று, யோசித்து, கால் மாற்றினான். இரண்டு தள்ளலில் தடுமாறிக் காலை ஊன்றினான். மறுபடியும் ஏறினான். உங்கள் வீட்டு பால்கனியிலும் ஒரு ஸ்கூட்டர் சும்மா நின்றால், இன்றைக்குச் சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் கீழே கொண்டுபோங்கள். ஹெல்மெட்டை மறக்க வேண்டாம்.